அணிலும் ஆழ்கடல் சுறாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று கிளைக்குக் கிளை தாவுவது. இன்னொன்று வெளிச்சமே எட்டாத ஆழத்தில் நிதானமாக நீந்துவது. இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்கும் கேள்விகளில் பாதி சும்மா விளையாட்டுக்குக் கேட்பவைதான். ஆனால் அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்தால் எலும்பு, கொழுப்பு, காது, கண் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. அப்படிப் போன பதில்கள் இவை.

எந்த அணில், எந்தச் சுறா?

நியாயமான கேள்வி. அணில் குடும்பத்தில் 280-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தரையில் வளை தோண்டி வாழ்பவையும், பறக்கும் அணில் என்று பெயர் வாங்கிக்கொண்டு உண்மையில் காற்றில் சறுக்குபவையும் அதில் சேர்த்தி. இங்கே பேசுவது மரத்தில் வாழும் அணில்களைப் பற்றி. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது வட அமெரிக்காவைச் சேர்ந்த சாம்பல் அணில் என்பதால் எண்கள் பெரும்பாலும் அதனுடையவை.

சுறாக்களில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள். படங்களில் வாயைப் பிளந்துகொண்டு வரும் வெள்ளைச் சுறாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 200 மீட்டருக்குக் கீழே ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது: தாடையை முன்னால் எறியும் கோப்ளின் சுறா, பாம்பு போல நீண்ட ஃபிரில் சுறா, வயிற்றில் விளக்கெரியும் லான்டர்ன் சுறாக்கள், வட்ட வட்டமாகச் சதையைத் தோண்டும் குக்கிகட்டர் சுறா. கிரீன்லாந்து சுறாவையும் சேர்த்துக்கொள்கிறேன். அது முழு நேர ஆழ்கடல்வாசி இல்லை. குளிர்ந்த வட கடல்களில் மேற்பரப்பு வரைக்கும் வந்து போகும். ஆனால் 1988-ல், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கிய கப்பல் ஒன்றைத் தேடிப்போன கருவி 2200 மீட்டர் ஆழத்தில் அதைப் பார்த்திருக்கிறது. அது போதும்.

எது பெரியது?

சுறாதான் என்று யோசிக்காமல் சொல்லிவிட வேண்டாம். கிரீன்லாந்து சுறா 5 மீட்டரைத் தாண்டும், உண்மைதான். ஆனால் குள்ள லான்டர்ன் சுறா என்று ஒன்று கரீபியன் கடலின் தென் பகுதியில், கொலம்பியா, வெனிசுவேலா கரைகளை ஒட்டி வாழ்கிறது. முழுசாக வளர்ந்தாலும் சுமார் 20 செ.மீ. தான். சாம்பல் அணில் மூக்கிலிருந்து வால் நுனி வரை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மலையணிலோ வாலோடு சேர்த்து ஏறத்தாழ 1 மீட்டர் வரும். ஆக, ஆளைப் பொறுத்து பதில் மாறும்.

இரண்டும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்?

எங்கே என்பதுதான் கேள்வி. தண்ணீரில் என்றால் அணில் மூழ்கிவிடும், சண்டைக்கே வேலையில்லை. மரத்தடியில் என்றால் சுறா மூச்சுத் திணறிவிடும். கிரீன்லாந்து சுறாவின் வயிற்றில் கலைமான், பனிக்கரடி இவற்றின் மிச்சங்கள் கிடைத்ததுண்டு. தரை விலங்குகள் அதன் வயிற்றுக்குள் போவது புதிதல்ல. பெரும்பாலும் ஏற்கெனவே செத்து மிதந்தவையாக இருக்கும்.

இரண்டுக்கும் ஏதாவது உறவு இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் பலர் நினைப்பது போல இல்லை. சுறா மீன், சூரையும் மீன், ஆகவே அவை இரண்டும் ஒரு கட்சி, அணில் வேறு கட்சி என்றுதான் நாம் பிரிப்போம். பரம்பரைக் கணக்குப்படி அது தவறு. சுறாக்களின் வழி சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குருத்தெலும்போடு பிரிந்து போய்விட்டது. மிச்சமிருந்த கிளையில்தான் எலும்புள்ள மீன்கள் வந்தன. அந்த எலும்பு மீன்களில் ஒரு பிரிவே பிற்காலத்தில் கரையேறி, தவளை, பல்லி, பறவை, அணில், நாம் என்று ஆனது. அப்படிப் பார்த்தால் சூரை மீனுக்குச் சுறாவை விட அணில்தான் நெருங்கிய சொந்தம். முதல் தடவை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

தூரத்துச் சொந்தமானாலும் அடையாளம் அழியவில்லை. அணிலின் காதுக்குள் நம் காதில் இருப்பது போலவே மூன்று குட்டி எலும்புகள் உண்டு: சுத்தி, பட்டடை, அங்கவடி. சுத்தியும் பட்டடையும் எங்கிருந்து வந்தன? 1837-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைக்கெர்ட் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார். கருவின் கீழ்த்தாடையில் முதலில் உருவாகும் குருத்தெலும்புக் கோலின் பின்முனைதான் பிறகு சுத்தி எலும்பாகிறது. மேல்தாடைக் குருத்தெலும்பின் பின்முனை பட்டடையாகிறது. சுறாவிடம் அந்த இரண்டு குருத்தெலும்புகளும் இன்னும் தாடையாகவேதான் இருக்கின்றன. அது வாயைத் திறந்து மூடும் கீல் இருக்கிறதே, அதேதான் அணிலின் காதில் சுத்தியும் பட்டடையும் சந்திக்கிற மூட்டு. மூன்றாவதான அங்கவடி, சுறாவில் தாடையை மண்டையோட்டோடு தாங்கிப் பிடிக்கும் துண்டுக்கு இணை.

கோப்ளின் சுறா இரை பக்கத்தில் வந்ததும் தாடையை மொத்தமாக முகத்துக்கு வெளியே எறிந்து கவ்வும். வேகம் நொடிக்கு 3.1 மீட்டர் என்று 2016-ல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. அங்கே எறியப்படுவதும், கிளையில் அணில் காது விடைத்து நிற்கும்போது உள்ளே அதிர்வதும் ஒரே மூலச் சரக்கு.

அணில் தலைகீழாக இறங்குகிறதே, சுறாவுக்கு அப்படி ஏதாவது வித்தை உண்டா?

அணில் மரத்திலிருந்து இறங்கும்போது பின்கால்களை மட்டும் பாருங்கள். தலை கீழே, வால் மேலே. ஆனால் பின்பாதங்கள் வானத்தைப் பார்த்தபடி திரும்பியிருக்கும். கணுக்கால் கிட்டத்தட்ட முழுசாகப் பின்பக்கம் திரும்பி, நகங்கள் பட்டையில் கொக்கி போட்டுத் தொங்கும். முன்கால் அடுத்த பிடியைத் தேடும்வரை மொத்த எடையும் அந்த இரண்டு கொக்கிகளில்தான். பூனையால் இது முடியாது. அதனால்தான் மரமேறிய பூனை இறங்கும்போது பின்பக்கமாக வழுக்கி வழுக்கி வருகிறது. கைதவறி விழுந்தாலும் அணிலுக்குப் பெரிய ஆபத்தில்லை. எடை குறைவு, காலையும் வாலையும் விரித்தால் காற்றே பிடித்துக்கொள்ளும்.

சுறாவுக்கும் விழும் பிரச்சினை உண்டு, மெதுவாக விழும் பிரச்சினை. சதை கடல்நீரை விடக் கனம். எலும்பு மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. சும்மா இருந்தால் மூழ்கிக்கொண்டே போகும். அதற்கு அது கண்ட வழி கல்லீரல். சில ஆழ்கடல் சுறாக்களில் உடல் எடையில் கால் பங்கு வரை கல்லீரலே இருக்கும். அது முழுக்க எண்ணெய், அதிலும் ஸ்குவாலின் என்ற மிக இலேசான எண்ணெய் நிறைய. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பதைத்தான் அது உடம்புக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது.

அணில் கொட்டையைப் புதைக்கிறது. சுறா எதையாவது சேமிக்குமா?

அந்தக் கல்லீரல்தான் அதன் களஞ்சியமும். அணில் சேமிப்பை மண்ணில் போடுகிறது, சுறா வயிற்றிலேயே வைத்துக்கொள்கிறது. ஆழ்கடலில் அடுத்த சாப்பாடு எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதனால் கொழுப்பைக் கூடவே சுமந்துகொண்டு, வேகத்தைக் குறைத்துச் செலவைச் சுருக்கிக் காலம் தள்ளுகிறது. கிரீன்லாந்து சுறா மணிக்குச் சராசரியாக ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான் நீந்துகிறது. நடைப்பயிற்சிக்குப் போகும் தாத்தா கூட முந்திவிடுவார்.

அணிலால் அப்படி இருக்க முடியாது. அது வெப்பரத்தப் பிராணி. உடம்பு சூடாக இருப்பதற்கே தின்றுகொண்டிருக்க வேண்டும். மர அணில்கள் குளிர்காலத்தில் நீண்ட உறக்கத்துக்குப் போவதும் இல்லை (அது தரை அணில்களின் வேலை). உடம்பில் அதிகக் கொழுப்பு ஏற்றினால் கிளையில் தாவ முடியாது. ஆகவே மண்ணில் புதைக்கிறது, ஒரே இடத்தில் அல்ல, ஒவ்வொன்றாக எங்கெங்கோ.

இதில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. ஓக் மரங்களில் வெள்ளை ஓக் வகையின் கொட்டை இலையுதிர் காலத்தில் விழுந்த உடனே முளைவிடத் தொடங்கிவிடும். முளைத்துவிட்டால் சத்து வேருக்குப் போய்விடும், சேமிப்பு போச்சு. சாம்பல் அணில் என்ன செய்கிறது தெரியுமா? கொட்டையைக் கையில் உருட்டிப் பார்த்து, கூரான முனைப் பக்கம் கடித்து, கருமுளையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதைக்கிறது. இனி அது முளைக்காது. வசந்தம் வரும்வரை முளைக்காத சிவப்பு ஓக் கொட்டையை அப்படியே புதைத்துவிடும். பக்கத்தில் வேறு அணில் பார்த்துக்கொண்டிருந்தால் குழி தோண்டி, மூக்கால் அமுக்கி, மண்ணைத் தள்ளி, எல்லாம் செய்துவிட்டுக் கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு போவதும் உண்டு.

வயிற்றில் விளக்கு என்றீர்களே, அது எதற்கு?

நிழலை அழிக்க. லான்டர்ன் சுறாக்கள் வாழும் ஆழத்துக்கு மேலேயிருந்து மங்கலான நீல வெளிச்சம் கொஞ்சம் இறங்கும். கீழேயிருந்து பார்க்கும் எதிரிக்கு அந்த வெளிச்சத்தில் சுறா கறுப்பு உருவமாகத் தெரியும். ஆகவே வயிற்றுப் பக்கம் ஆயிரக்கணக்கான நுண்ணிய ஒளிப்புள்ளிகளை எரியவிட்டு, மேலேயிருந்து வரும் வெளிச்சத்தோடு தன்னைக் கலந்துவிடுகிறது. நியூசிலாந்துக்கு அருகே பிடிபட்ட கைட்ஃபின் சுறாவும் ஒளிர்வது 2021-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. 1.8 மீட்டர் வரை வளரும் அதுதான் ஒளிவிடும் முதுகெலும்பிகளில் தெரிந்தவரை பெரியது.

சரி, அணிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பல மர அணில்களின் வயிற்றைப் பாருங்கள், முதுகை விட வெளுத்திருக்கும். வெயில் மேலேயிருந்து விழும்போது முதுகு பளிச்சென்றும் வயிறு நிழலாகவும் தெரியும் அல்லவா, அந்த வித்தியாசத்தைச் சமன் செய்து உருவத்தைத் தட்டையாக்க வெளிர் நிறம் உதவுகிறது. இரண்டுக்கும் பிரச்சினை ஒன்றே, தீர்வுதான் வேறு: அங்கே விளக்கு, இங்கே சாயம். சுறாவின் விளக்கை எரியவிடும் ஹார்மோன்களில் ஒன்று மெலடோனின். இரவையும் பகலையும் அணிலின் உடம்புக்குச் சொல்வதும் அதே மெலடோனின்தான். இன்னொரு வேடிக்கை: அணிலுக்கான அறிவியல் பெயர் சியூரஸ், கிரேக்க மொழியில் நிழல்வால் என்ற பொருளிலிருந்து வந்தது. ஒருவர் நிழலைப் பெயரிலேயே வைத்திருக்கிறார், இன்னொருவர் நிழலே வேண்டாமென்று விளக்கேற்றுகிறார்.

யாருக்குப் பல் அதிகம்?

சுறாவுக்கு. அணிலுக்குச் சாதாரணமாக 22. ஃபிரில் சுறாவுக்குச் சுமார் 300, ஒவ்வொன்றும் மூன்று முள்ளாகப் பிரிந்து உள்பக்கம் வளைந்திருக்கும். உள்ளே போன கணவாய் வெளியே வர முடியாது.

தேய்மானத்தைச் சமாளிக்கும் விதம் வேறு. அணிலின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்குச் சுமார் 15 செ.மீ. கொறித்துத் தேய்க்காவிட்டால் வளைந்து வாயையே அடைத்துவிடும். முன்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருப்பது அழுக்கல்ல, எனாமலில் சேர்ந்த இரும்பு. சுறா தேய்ந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்வரிசையிலிருந்து புதிதை முன்னுக்குக் கொண்டுவரும். குக்கிகட்டர் சுறா கொஞ்சம் கஞ்சம். கீழ்வரிசைப் பற்கள் ஒட்டுமொத்தமாகக் கழன்றதும் அவற்றை விழுங்கிவிடும். சுண்ணாம்புச் சத்து வீணாகக் கூடாதே.

இரண்டும் கேபிளைக் கடிக்கும் என்பது உண்மையா?

உண்மை, இதில் இரண்டுக்கும் வழக்குப் பதிவு இருக்கிறது. 1987 டிசம்பரில் ஓர் அணில் மின்கம்பியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்படுத்த, அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோனது. 1994 ஆகஸ்டில் வேறோர் அணிலால் மறுபடியும் அரை மணி நேரம் போல நின்றது. அணிலுக்குப் பல்லைத் தேய்க்க ஏதாவது வேண்டும், மின்கம்பம் அதற்கு இன்னொரு மரம்.

சுறா தரப்பில், 1980-களின் நடுவில் கேனரி தீவுகளுக்கு அருகே சோதனைக்காகப் போட்ட கண்ணாடி இழைக் கேபிளில் பல் குத்தியிருந்தது. எடுத்துப் பார்த்தால் ஆழ்நீரில் வாழும் முதலைச் சுறாவின் பல். சுறாக்களின் மூக்கைச் சுற்றி மின்புலத்தை உணரும் நுண்துளைகள் உண்டு. கேபிளைச் சுற்றியுள்ள மின்புலம் இரை போலத் தோன்றியிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அப்புறம் கேபிளுக்கு உலோகக் கவசம் சுற்றினார்கள். குக்கிகட்டர் சுறா இன்னும் ஒருபடி மேல். 1970-களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் கருவியை மூடிய ரப்பரையே கடித்துவைத்தது. அரை மீட்டர் மீன், அணுசக்தி நீர்மூழ்கியை! இன்றைக்குக் கடலடிக் கேபிள் அறுந்தால் பெரும்பாலும் நங்கூரமோ மீன்பிடி வலையோதான் காரணம். பழியைச் சுறா மேல் போடுவது செய்திக்கு ருசி என்பதால் அந்தக் கதை ஓய்வதில்லை.

குட்டி போடுவதில் என்ன வித்தியாசம்?

சாம்பல் அணிலின் கர்ப்பம் சுமார் 44 நாள். பிறக்கும் குட்டி கண் திறக்காமல், முடி இல்லாமல், 15 கிராம் போல இருக்கும். கண் திறக்கவே ஒரு மாதம் ஆகும், அதற்குப் பின்னும் பால் வேண்டும். ஃபிரில் சுறா கர்ப்பத்தைச் சுமக்கும் காலம் மூன்றரை ஆண்டு வரை என்று கணிக்கப்படுகிறது, யானைக்கே இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும். முட்டைகள் தாயின் உள்ளேயே பொரிந்து, அரை மீட்டர் நீளத்தில் பல்லோடு வெளியே வரும். வந்த நிமிடத்திலிருந்து அதன் பாடு அதற்கு.

அணிலை ஆழத்துக்கும் சுறாவை மேலேயும் கொண்டுபோனால்?

1000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல நூறு மடங்கு. அணிலின் நுரையீரலில் இருக்கும் காற்று சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். சுறா மேலே வந்தால் வெடித்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்குக் காற்றுப்பையே இல்லை, வெடிக்க என்ன இருக்கிறது? வெதுவெதுப்பான தண்ணீரும் வெளிச்சமும் வலையில் பட்ட அடியும்தான் கொல்கின்றன.

சுறாவின் உடம்பில் இதற்கென ஒரு ரசாயனப் பாதுகாப்பு இருக்கிறது. அணில் சிறுநீரில் வெளியேற்றும் அதே யூரியாவைச் சுறா இரத்தத்திலேயே தேக்கிவைக்கும், கடலின் உப்பு உடம்பு நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க. யூரியா புரதங்களைக் கெடுக்கும் என்பதால் அதை முறிக்க டிஎம்ஏஓ என்ற இன்னொரு பொருளையும் சேர்த்து வைக்கும். அழுத்தத்திலிருந்து புரதங்களைக் காப்பதும் அதே பொருள்தான். கிரீன்லாந்து சுறாவின் பச்சை இறைச்சியைத் தின்ற நாய்கள் குடித்தது போலத் தள்ளாடுவதற்கும் அதுவே காரணம்.

எது அதிக நாள் வாழும்?

சாம்பல் அணில்களில் பெரும்பாலானவை முதல் ஆண்டையே தாண்டுவதில்லை. தப்பியவை காட்டில் சில ஆண்டுகள் வாழும், கூண்டில் 20 ஆண்டு வரை இழுத்துவிடும்.

கிரீன்லாந்து சுறாவுக்கு வயது சொல்வது ரொம்ப நாள் முடியாத காரியமாக இருந்தது. எலும்பு இல்லை, ஆகவே வளையம் எண்ண வழியில்லை. ஜூலியஸ் நீல்சன் என்ற டேனிஷ் ஆய்வாளரின் குழு கண்ணைப் பிடித்தது. கண்வில்லையின் நடு மையம் பிறப்பதற்கு முன்பே உருவாகி, அப்புறம் மாறாமல் அப்படியே கிடக்கும். அதைச் சுற்றி வெங்காயம் போல அடுக்கு அடுக்காகச் சேரும். வெளி அடுக்குகளை உரித்து, மையத்தில் இருக்கும் கார்பனை அளந்தால் பிறந்த காலம் தெரியும். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் கடலில் விட்ட கார்பன் தடம், அவர்கள் எடுத்த 28 பெண் சுறாக்களில் மிகச் சிறிய சிலவற்றில் மட்டுமே இருந்தது. மற்றவை எல்லாம் அதற்கு முன்பே பிறந்தவை. 2016-ல் வெளியான முடிவின்படி, 5 மீட்டர் நீளமிருந்த பெரிய சுறாவின் வயது குறைந்தது 272, நடுக்கணக்கு 392. பெண் சுறா பருவத்துக்கு வரவே சுமார் 150 வயதாகும். அணில் ஒரு வயதிலேயே தயார். அந்தச் சுறா முதல் குட்டி போடுவதற்குள் அணிலுக்கு 150 தலைமுறை ஓடிவிடும்.

அணில் வயதைக் கணிக்கவும் வனவிலங்கு ஆய்வாளர்களிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. அங்கும் கண்வில்லைதான். இறந்த அணிலின் வில்லையை எடுத்து, உலர்த்தி, எடை போடுவார்கள். அடுக்கு சேரச் சேர எடை கூடும் அல்லவா. இந்த ஆண்டுக் குட்டியா, வளர்ந்த அணிலா என்று பிரிக்க அது போதும்.